தோற்ற கொள்கையும் தோற்காத தராசும்

வானத்தைப் பற்றிய ஆய்வு என்றால் மலையுச்சி, பெரிய தொலைநோக்கி, குளிர் நிறைந்த இரவு என்றெல்லாம் நம் மனம் கற்பனை செய்யும். என் ஆய்வு நடந்ததோ மாணவர் விடுதியில், கடகடவென ஓடும் மின்விசிறியின் கீழ், ஒரு பழைய மடிக்கணினியின் முன்னால். இயற்பியல் துறையின் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இருண்ட ஆற்றல் என்ற ஒன்று இல்லாமலேயே பேரண்டத்தின் விரிவை விளக்க முடியுமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதென்ன இருண்ட ஆற்றல் என்று வாசகர்கள் கேட்கலாம். பேரண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்பது ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நாம் அறிந்த செய்தி. மேலே எறிந்த பந்தின் வேகம் குறைவதைப்போல, ஈர்ப்பு விசையால் அந்த விரிவும் மெல்ல மெல்லத் தளரும் என்றே அறிஞர்கள் எண்ணியிருந்தனர். 1998ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைதூர விண்மீன் வெடிப்புகளைத் தனித்தனியே அளந்து, விரிவு தளரவில்லை, மாறாக அதன் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று அறிவித்தன. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வேகக் கூடுதலுக்குக் காரணமான ஏதோ ஒன்றுக்குத்தான் இருண்ட ஆற்றல் என்று பெயர். பேரண்டத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதுவே என்கிறது கணக்கு. ஆனால், அது என்னவென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. பெயர் தெரியும், ஆளைத் தெரியாது என்ற கதைதான்.

ஆளைத் தெரியாதபோது மாற்று விளக்கங்கள் பிறப்பது இயல்புதானே! பெருந்தொலைவுகளில் ஈர்ப்பு விதியே மாறுபடுகிறது என்றனர் சிலர். நாம் ஒரு மாபெரும் வெற்றிடத்தின் நடுவில் இருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது என்றனர் வேறு சிலர். இடையில் உள்ள தூசி ஒளியை மங்கச் செய்து நம்மை ஏமாற்றுகிறது என்றும் ஒரு கருத்து இருந்தது. நான் எடுத்துக்கொண்டது இவற்றைவிட எளிமையானது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பேரண்டம் என்றும் ஒரே சீராக விரிகிறது என்ற கொள்கை. எவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ள 1,550 சூப்பர்நோவாக்களின் அளவீடுகளை எடுத்து, என் கோடு அவற்றோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன்.

பருவத்தின் பத்தாவது வாரம் விடை வந்தது. அருகிலுள்ள சூப்பர்நோவாக்கள் கோட்டோடு ஒட்டி நின்றன. நடுத்தொலைவில் இருந்தவையோ என் கோடு சொன்னதைவிட மங்கலாக இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, கூட்டமாக. அன்றிரவு எனக்கு ஒரு தீய எண்ணம் தோன்றியது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொலைவில் உள்ள சில புள்ளிகளைத் தரமற்றவை என்று ஒதுக்கிவிட்டால் கோடு பொருந்திவிடும். மதிப்பெண்ணும் கிடைக்கும். யார் கேட்கப் போகிறார்கள்?

மறுநாள் என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஃபிரிட்ஸ் சுவிக்கி என்ற அறிஞரின் வாழ்க்கையை முதலில் படித்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்று அனுப்பி வைத்தார். நான் படித்தேன். அந்த வாழ்க்கையைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆறு வயதில் ஒரு பயணம்

சுவிக்கி 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பல்கேரியா நாட்டில், கருங்கடலோரத் துறைமுக நகரான வர்னாவில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வணிகர். தாயார் செக் இனத்தவர். மூன்று பிள்ளைகளில் இவரே மூத்தவர். வணிகம் கற்றுத் தம் தொழிலைத் தொடர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆகவே ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோதே, சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பி வைக்கப்பட்டார்.

பிறந்த ஊர் ஒன்று, படிக்கும் ஊர் வேறு. தெருவில் கேட்ட மொழி ஒன்று, பள்ளியில் கேட்கும் மொழி வேறு. இந்த இடத்தைப் படித்தபோது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த நாள் என் நினைவுக்கு வந்தது. அறிவியல் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரியும். ஒளிச்சேர்க்கை என்று நாவில் வந்து நிற்கிறது. அதை மலாய்மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். மொழி மாறிய பிள்ளைகளுக்கு அந்த மௌனம் புரியும். சுவிக்கியோ பின்னாளில் ஆங்கிலம் பேசும் நாட்டில் அரை நூற்றாண்டு வாழ்ந்தும், தம் ஆங்கிலத்தில் ஒலித்த சுவிஸ் வாடையைப் பற்றிச் சிறிதும் வெட்கப்படவில்லை. அமெரிக்கக் குடியுரிமையையும் அவர் கடைசிவரை பெற்றுக்கொள்ளவில்லை.

தந்தை விரும்பிய வணிகம் அவருக்கு ஒட்டவில்லை. கணிதமும் இயற்பியலும் ஈர்த்தன. சூரிச் நகரின் புகழ்பெற்ற கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, படிகங்களைப் பற்றிய ஆய்வுக்காக 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். 1925இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் உள்ள கால்டெக் கழகத்தில் ராபர்ட் மில்லிக்கனின் கீழ்ப் பணியாற்ற அமர்ந்தார். படிகங்களை ஆராயச் சென்றவரை, அருகிலிருந்த வில்சன் மலையின் தொலைநோக்கிகள் வானத்தின் பக்கம் திருப்பிவிட்டன.

களைத்துப்போன ஒளி

1929ஆம் ஆண்டு வானியலில் ஒரு திருப்புமுனை. வில்சன் மலையில் பணியாற்றிய எட்வின் ஹப்பிள், தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்பு நிறத்தின் பக்கமாக நகர்ந்திருப்பதையும், தொலைவு கூடக் கூட அந்தச் செம்பெயர்ச்சியும் கூடுவதையும் எடுத்துக் காட்டினார். பேரண்டம் விரிகிறது என்பதற்கு இதுவே சான்று என்று பலரும் கொண்டனர். ஆனால், ஹப்பிளே அப்படி உறுதியாகக் கூறத் தயங்கியவர்தான்.

அதே ஆண்டில் சுவிக்கி ஒரு மாற்றுக் கொள்கையை வெளியிட்டார். மண்டலங்கள் விலகி ஓடவே தேவையில்லை என்றார் அவர். நெடுந்தொலைவு பயணம் செய்யும் ஒளி, வழியிலுள்ள பொருள்களை ஈர்ப்பு விசையின் வழியாகத் தொட்டுச் செல்கிறது. அப்போது தன் ஆற்றலில் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றிடம் இழக்கிறது. இரவுச் சந்தையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுபவரின் பணப்பை மெலிந்துபோவதைப் போல! ஆற்றல் குறைந்தால் ஒளி சிவக்கும். தொலைவு கூடினால் இழப்பும் கூடும். ஹப்பிள் கண்டதும் அதுதானே! பின்னாளில் களைத்த ஒளிக் கொள்கை என்று இது பெயர் பெற்றது.

என்னைக் கவர்ந்தது அந்தக் கட்டுரையின் நேர்மை. ஒளி எலக்ட்ரான்களில் மோதி ஆற்றலை இழக்கிறதோ என்றும் சுவிக்கி அதில் ஆராய்கிறார். அப்படி மோதினால் ஒளி சிதறி, தொலைதூர மண்டலங்களின் படங்கள் கலங்கிப்போய்த் தெரிய வேண்டும். அவை அப்படித் தெரியவில்லை. ஆகவே அந்த வழியை அவரே அடைத்துவிடுகிறார். தம் கொள்கைக்கு உதவக்கூடிய ஒன்றைத் தம் கையாலேயே வெட்டி எறிய ஒரு துணிவு வேண்டும். பத்தாவது வாரத்து இரவில் அந்தத் துணிவு என்னிடம் இருக்கவில்லை.

மூன்று வித்துகள்

அடுத்த எட்டு ஆண்டுகளில் சுவிக்கி செய்தவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கோமா எனப்படும் மண்டலக் கொத்தை அவர் ஆராய்ந்து 1933இல் கட்டுரை எழுதினார. அதிலுள்ள மண்டலங்கள் மிக வேகமாக அலைந்தன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அக்கொத்து எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். ஒளிரும் பொருளைப்போல ஏறத்தாழ 400 மடங்கு பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அன்றைய தொலைவு அளவீடுகளின் பிழையால் அந்த எண் மிகையானது. ஆயினும், ஒளிராத பொருள் ஒன்று மறைந்திருக்கிறது என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது. இதுவே இருண்ட பொருள். இருண்ட ஆற்றலும் இதுவும் ஒன்றல்ல. இது இழுத்துச் சேர்க்கும், அது விரிவை விரைவுபடுத்தும். 1970களில் வீரா ரூபின் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்து காட்டும்வரை, சுவிக்கியின் கண்டுபிடிப்பைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவே இல்லை.

மூன்று வித்துகள் என்று நான் சொல்ல வந்தவை இனிமேல்தான் வருகின்றன.

முதல் வித்து சூப்பர்நோவா. 1934இல் வால்டர் பாடே என்னும் ஜெர்மானிய வானியலாளருடன் இணைந்து, சாதாரண நோவாக்களைவிடப் பன்மடங்கு பெரிய விண்மீன் வெடிப்புகள் தனி வகையைச் சேர்ந்தவை என்று அறிவித்தார். சொன்னதோடு நில்லாமல் தேடவும் புறப்பட்டார். கால்டெக் கட்டடத்தின் கூரையில் ஒரு சிறு கருவியை வைத்து வானத்தைப் படம் பிடித்தார். ஒன்றும் சிக்கவில்லை. மனம் தளராமல், பாலோமர் மலையில் 18 அங்குல அகலப்பரப்புத் தொலைநோக்கியை அமைக்கச் செய்தார். 1936இல் அது இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே சூப்பர்நோவாக்கள் சிக்கின. வாழ்நாளில் ஏறத்தாழ 120 சூப்பர்நோவாக்களை அவர் கண்டறிந்தார்.

இரண்டாவது வித்து நியூட்ரான் விண்மீன். நியூட்ரான் என்ற துகளே 1932இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், பெரிய விண்மீன் வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி நொறுங்கி நியூட்ரான்களால் ஆன சிறு விண்மீனாக மாறும் என்று சுவிக்கியும் பாடேயும் எழுதினர். 1967இல் ஜோசலின் பெல் துடிப்பு விண்மீன்களைக் கண்டறிந்த பிறகே உலகம் அதை நம்பியது.

மூன்றாவது வித்து ஈர்ப்பு வில்லை. கனமான பொருள் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டீனின் கொள்கை. தனி விண்மீனைவிட ஒரு முழு மண்டலம் பெரிய கண்ணாடி வில்லையைப் போலச் செயற்படும், பின்னால் உள்ளவற்றைப் பெருக்கிக் காட்டும் என்று 1937இல் சுவிக்கி கூறினார். 1979இல் அத்தகைய முதல் காட்சி கண்டறியப்பட்டது. அப்போது சுவிக்கி உயிரோடு இல்லை.

முரட்டு மனிதர், இளகிய மனம்

இத்தனை சிறந்த அறிஞரின் சொற்களை ஏன் அன்று பலர் செவிமடுக்கவில்லை? அவருடைய குணமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவிக்கி கடுஞ்சொல்லர். உடன் பணியாற்றியவர்களை முகத்துக்கு நேரே இகழ்வார். எழுத்திலும் விட்டுவைக்க மாட்டார். நெருங்கி உழைத்த பாடேயுடனான நட்பும் பின்னாளில் முறிந்தது. அவருடைய சரியான கருத்துகளும் தவறான கருத்துகளும் ஒரே கூடையில் போடப்பட்டு ஒதுக்கப்பட்டன. சொல்பவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்லையும் தள்ளுவது அறிவுலகில்கூட நடக்கிறது.

ஆனால், அவரே போர்க்காலத்துக்குப் பின் வேறொரு முகத்தைக் காட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது ஏரோஜெட் நிறுவனத்தில் விமானங்களுக்கான உந்துகலன் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1949இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. போர் முடிந்ததும், குண்டுவீச்சில் அழிந்த ஐரோப்பிய, ஆசிய நூலகங்களுக்கு அனுப்புவதற்காக அறிவியல் நூல்களையும் இதழ்களையும் பல ஆண்டுகள் சேகரித்தார். கட்டுக் கட்டாக அனுப்பி வைத்தார். எதிரி நாடாக இருந்த ஜெர்மனிக்கும் நூல்கள் சென்றன.

உருவவியல் முறை என்று தாம் பெயரிட்ட ஒரு சிந்தனை முறையையும் அவர் பரப்பினார். ஒரு சிக்கலுக்கு எத்தனை விடைகள் இருக்கக்கூடுமோ அத்தனையையும் கட்டம் போட்டு எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் அடிக்கக் கூடாது. சோதித்த பிறகே அடிக்க வேண்டும். மாற்றுக் கொள்கைகளைப் பற்றி ஆராயும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் உண்டோ?

1968இல் ஓய்வு பெற்ற அவருக்கு, 1972இல் இலண்டன் அரச வானியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை வழங்கியது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், தமது 76ஆம் பிறந்தநாளுக்கு ஆறு நாள்கள் இருக்கையில், பாசடேனாவில் காலமானார். அவருடைய உடல் கிளாரஸ் மாநிலத்தின் மோலிஸ் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. ஆறு வயதில் சென்று சேர்ந்த மண்ணுக்கே அவர் திரும்பினார்.

தராசில் ஏறிய கொள்கை

களைத்த ஒளிக் கொள்கை என்னவாயிற்று? இங்கேதான் விதியின் விளையாட்டைக் காண்கிறோம். பேரண்டம் உண்மையிலேயே விரிகிறதென்றால், ஒளியின் நிறம் மட்டுமல்ல, காலமும் நீண்டு தெரிய வேண்டும். அருகில் 20 நாள்களில் மங்கும் ஒரு சூப்பர்நோவா, வெகு தொலைவில் 30 நாள்கள் எடுத்துக்கொள்வதாகத் தோன்ற வேண்டும். ஒளி வெறுமனே களைத்துத்தான் சிவக்கிறது என்றால், நிறம் மாறும். நாள் கணக்கு மாறாது. 1990களில் இதை அளந்தனர். 1995இல் கண்டறியப்பட்ட ஒரு தொலைதூர சூப்பர்நோவா, அருகிலுள்ளவற்றைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மெதுவாக மங்கியது. விரிவுக் கொள்கை சொன்ன அதே அளவு. சுவிக்கியின் கொள்கை தோற்றது. தோற்கடித்ததோ, அவர் கூரைமீது ஏறித் தேடிய அதே சூப்பர்நோவா!

1998இல் இருண்ட ஆற்றலைக் காட்டித் தந்ததும் ஒன்று-ஏ எனும் சூப்பர்நோவா வகைதான். இவ்வகை நியூட்ரான் விண்மீனாக மாறுவதில்லை. வெண்குள்ள விண்மீன் ஒன்று முழுமையாக வெடிப்பதால் உண்டாவது. அதனால்தான் இவற்றின் உச்ச ஒளியைக் கொண்டு தொலைவை அளக்க முடிகிறது. 1937இல் ஐசி 4182 என்ற சிறு மண்டலத்தில் சுவிக்கி கண்டறிந்ததும் இதே வகைதான். 1990களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அம்மண்டலத்தின் தொலைவை அளந்தபோது, அந்தப் பழைய சூப்பர்நோவா தொலைவுக் கணக்கைச் சரிபார்க்கும் எடைக்கல்லாகப் பயன்பட்டது.

இரண்டாவது வித்து 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பலன் தந்தது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. அதிலிருந்து புறப்பட்ட ஈர்ப்பலை முதலில் பூமியை அடைந்தது. காமா கதிர் 1.7 வினாடிகளில் பின்தொடர்ந்து வந்தது. அத்தனை கோடி ஆண்டுப் பயணத்தில் இவ்வளவுதான் இடைவெளி என்றால், இரண்டின் வேகமும் ஒன்றே. ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து மாறும் என்று கூறிய, இருண்ட ஆற்றலுக்கு மாற்றான பல ஈர்ப்புக் கொள்கைகள் அந்த ஒரே நாளில் வீழ்ந்தன.

மூன்றாவது வித்து இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது. 2023இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலமும், 2025இல் முதல் படங்களை வெளியிட்ட சிலி நாட்டின் வீரா ரூபின் ஆய்வகமும் ஈர்ப்பு வில்லையைக் கொண்டே பேரண்டத்தின் வளர்ச்சியை அளக்கின்றன. இருண்ட ஆற்றல் உண்மையா, ஈர்ப்பு விதியில் திருத்தம் தேவையா என்ற வழக்குக்கு அவை சாட்சி சொல்லும். இதற்கிடையே, அமெரிக்காவின் அரிசோனாவில் இயங்கும் டெசி என்ற கருவியின் 2024, 2025ஆம் ஆண்டு முடிவுகள், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பியுள்ளன. அது இன்னும் உறுதியாகவில்லை. வழக்கு முடியவில்லை.

சுவிக்கி முன்வைத்த மாற்றுக் கொள்கை தோற்றது. ஆனால், மாற்றுக் கொள்கைகளை எல்லாம் நிறுத்துப் பார்க்கும் தராசுகளில் மூன்றை அவரே உலகுக்கு அடையாளம் காட்டிச் சென்றார். பாலோமர் மலையில் 2018இல் தொடங்கப்பட்ட வான்தேடல் திட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. தோற்ற கொள்கை ஒருவரைச் சிறுமைப்படுத்திவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

படித்து முடித்த அன்றிரவு மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு புள்ளியையும் நீக்கவில்லை. நடுத்தொலைவில் என் கோடு பிசகுவதைத் தனிப் படமாகவே வரைந்தேன். சீரான விரிவுக் கொள்கை இந்த அளவீடுகளோடு பொருந்தவில்லை என்று முடிவுரையில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில், அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்று தேர்வாளர் ஒருவர் கேட்டார். ஒரு கதவு மூடியிருப்பதைக் கண்டுபிடித்தேன் என்றேன். அவர் ஏதும் சொல்லாமல் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

கிடைத்த மதிப்பெண் நான் ஆசைப்பட்டதைவிடக் குறைவுதான். இருந்தாலும், அந்த ஆய்வேட்டை எவர் கையில் கொடுக்கவும் எனக்குத் தயக்கமில்லை. இந்த இதழைப் புரட்டும் இளைய மாணவர்களே, உங்களுக்கும் ஒருநாள் உங்கள் கோட்டோடு ஒட்டாத புள்ளிகள் வந்து சேரும். அவற்றை அழித்துவிடாதீர்கள். நாளை வேறொருவருக்கு வழிகாட்டப் போவது அந்தப் புள்ளிகளாகவே இருக்கலாம்.